கமகம் வராத வாத்தியத்தில் ஒரு பாட்டு: பில் எவன்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' எல்பி

மூன்று வாரமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் சுற்றுவது இந்த ஒரு ரெக்கார்டுதான். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் டிரையோ, அதாவது மூன்று பேர் குழு, வாசித்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி', 180 கிராம் எடையுள்ள கனமான தட்டில் மறுபதிப்பு, எனக்கு 3,400 ரூபாய் ஆனது. வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு நடக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பியானோவில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது, அதனால் அதில் உயிர் இல்லை என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பாதி உண்மை அது. வீணையில் மீட்டிய பிறகும் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்கலாம், நாகஸ்வரத்தில் மூச்சை ஏற்றி நடுவில் ஒலியைப் பெரிதாக்கலாம். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி கம்பியை அடித்துவிட்டு விலகிக்கொள்ளும், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த ஒலி தேய்ந்துகொண்டே போகும், வாசிப்பவரால் அதை வளைக்கவும் முடியாது, வளர்க்கவும் முடியாது. எவ்வளவு அழுத்தத்தில் தொடுவது, எந்த நொடியில் தொடுவது, எப்போது விடுவது, பெடலை எவ்வளவு மிதிப்பது, இவை மட்டும்தான் அவர் கையில் இருக்கின்றன.

எவன்ஸ் பாட்டின் மொத்த உணர்வையும் இந்தக் கொஞ்ச இடத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறார்.

முதல் பாட்டு 'மை ஃபூலிஷ் ஹார்ட்'. இதில் கற்பனையை விரித்துக்கொண்டு எங்கேயும் போகவில்லை, மெட்டை ஒட்டியேதான் வாசிக்கிறார், ஆனால் மெட்டின் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் ஒரு கார்வை, ஒரு நீண்ட நிறுத்தம், விடுகிறார் பாருங்கள், அடுத்த சுரம் வருமா வராதா என்று நாம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். வலது கையில் மூன்று நான்கு விரல்கள் ஒன்றாக இறங்கும்போதும் மேலே இருக்கிற ஒரு சுரம் மட்டும் பாடுகிறது, மற்றவை அதன் நிழல் மாதிரி கீழே நிற்கின்றன. ஒரே கையின் விரல்களுக்கு வேறுவேறு எடை கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஐந்தாம் கிரேடு வரை பியானோ படித்த எனக்குத் தெரியும். அப்புறம் இன்னொன்று: மேல் சுரம் அப்படியே நிற்க, நடுவில் இருக்கும் சுரம் மட்டும் ஒரே ஒரு ஸ்தானம், பக்கத்துக் கட்டைக்கு, கீழே இறங்கும். பாட்டின் முகமே மாறிவிடும். கமகம் இல்லாத வாத்தியத்தில் கமகம் தரும் நெகிழ்ச்சி எனக்குக் கிடைத்தது அந்த இடங்களில்தான்.

இடது கையையும் கவனியுங்கள். கார்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக, வாசிக்கும்போது ஆதார சுரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார், அந்த இடம் டபுள் பேஸ் என்ற ஆள் உயரத் தந்தி வாத்தியத்தை வாசிக்கும் ஸ்காட் லஃபாரோவுக்கு. லஃபாரோவோ அங்கே வெறுமனே தாளத்துக்குத் தூண் போல நிற்காமல், பியானோ சொன்னதற்குப் பதில் சொல்கிறார், சில இடத்தில் முந்திக்கொண்டு கேள்வியும் கேட்கிறார். நல்ல கச்சேரியில் பாடகரும் வயலினும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வது நமக்குப் பழக்கம், அந்தக் காதோடு கேட்டால் இந்த ரெக்கார்டு உடனே பிடிபடும். டிரம்ஸில் பால் மோட்டியன், பாதி நேரம் பிரஷ்ஷால் வருடிக்கொண்டே இருக்கிறார்.

தலைப்புப் பாட்டு எவன்ஸ் தன் அண்ணன் மகளுக்காக எழுதியது. மெட்டு மூன்று எண்ணிக்கையில் குழந்தை ஊஞ்சல் ஆடுவது போலத் தொடங்கி, கற்பனைக்குள் நுழையும்போது நான்குக்கு மாறிவிடும். திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்கு மாறினால் நாம் தொடையில் தட்டிக்கொண்டு கண்டுபிடித்துவிடுவோம், இங்கே மாறிய பிறகுதான் தெரிகிறது, அவ்வளவு வழுக்கல். இரண்டாம் பக்கத்தில் 'சம் அதர் டைம்' வரும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். இடது கையில் இரண்டே கார்ட் தம்புரா மாதிரி மாறி மாறி வந்துகொண்டிருக்கும். 1958இல் 'பீஸ் பீஸ்' வாசித்தபோதும், 1959இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்' வாசித்தபோதும் எவன்ஸ் கையில் இருந்த அதே ஆட்டம்.

இது ஸ்டூடியோவில் எடுத்ததும் இல்லை. நியூயார்க்கில் வில்லேஜ் வேங்கார்டு என்ற நிலவறை கிளப்பில், 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை ஐந்து செட் வாசித்ததில் எடுத்தது. கண்ணாடி டம்ளர் இடிபடும் சத்தமும் மேஜைப் பேச்சும் யாரோ சிரிப்பதும் அப்படியே இருக்கின்றன. நம் கச்சேரிகளில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பார்த்து மனம் நொந்தவன் நான், இங்கேயும் எவன்ஸ் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது ஒரு மேஜையில் ஏதோ அரட்டை ஓடுகிறது. ஜூலை 6ஆம் தேதி லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடையேறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் இருந்த மூன்று பேருக்கும் இது தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். சோகத்தை நாமாக ஏற்றிவிடக் கூடாது. அவர்கள் சந்தோஷமாகத்தான் வாசிக்கிறார்கள்.

சரி, பொருளைப் பற்றி. எனக்கு முதலில் வந்த காப்பி வளைந்திருந்தது, மே மாத வெயிலில் டெலிவரி வண்டியிலேயே கிடந்திருக்க வேண்டும், ஊசி மேலும் கீழும் போனது. ஆன்லைனில் விற்றவர்கள் பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மாற்று வர பன்னிரண்டு நாள் ஆனது. இரண்டாவது காப்பி தட்டையாக, சத்தம் இல்லாமல் இருக்கிறது, பேஸ் விரல் கம்பியை விட்டு விலகுவது வரை கேட்கிறது. உள் உறை வெறும் காகிதம், நம் ஊர் ஈரத்துக்குப் போதாது, பிளாஸ்டிக் உறை தனியாக வாங்கி மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இன்னொரு விஷயம், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எவன்ஸ் மெதுவாகத் தொடும் சுரங்கள் விசிறிச் சத்தத்தில் காணாமல் போகின்றன, வேர்த்தாலும் பரவாயில்லை.

வேகமான விரல், இடி மாதிரி வாசிப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கடைசிப் பாட்டான 'மைல்ஸ்டோன்ஸ்' மட்டும் கொஞ்சம் ஓடும்.

போன வாரம் ஒரு ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் 'மை ஃபூலிஷ் ஹார்ட்' முடியும் வரை வாசற்படியிலேயே நின்றார். நாற்பது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர், பியானோ என்றாலே உதட்டைப் பிதுக்குவார். "யாருடா இது, எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சு வாசிக்கிறான்" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைய பதிவுகள் முழுவதும் 2005இல் மூன்று சிடி தொகுப்பாக வந்திருக்கிறது. அன்று மேடையில் முதலில் வாசித்த பாட்டின் முதல் முயற்சியில் நடுவே கரண்ட் போய்ப் பதிவு ஒரு கணம் அறுந்துபோகும், அதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் அதுதான்.