மீட்டரில் லைட் எரியவில்லை என்பதை நம்பி கார் வாங்காதீர்கள்

பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான்கு மாதத்துக்கு முன்பு திருச்சியில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2017 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றை 3,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். சிங்கிள் ஓனர், அடிபடாத வண்டி என்று அடித்துச் சொன்னார்கள். அந்த வருடத்து வண்டிகளுக்கு ஏர்பேக் கட்டாயம் கிடையாது. டிரைவர் பக்க ஏர்பேக்கே 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. அதனால் முன்னால் இரண்டு ஏர்பேக் உள்ள டாப் மாடலாகத் தேடி, 40,000 ரூபாய் கூடக் கொடுத்து எடுத்தேன். அம்மாவும் மனைவியும் குழந்தையும் ஏறும் வண்டி அது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுகளைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் செருகி மொபைலில் பார்த்தேன். ஃபால்ட் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடு எதுவும் வரவில்லை. ஓட்டிப் பார்த்தபோது மீட்டரிலும் ஒரு லைட்கூட எரியவில்லை. திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஹாரன் மக்கர் செய்தது. நேராகப் போனால் அடிக்கும், ஸ்டீயரிங்கை ஒடித்தால் அடிக்காது. ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன்களும் அதே மாதிரி. எங்கள் ஏரியாவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

“கிளாக் ஸ்பிரிங் போயிருக்கும் தம்பி. ஆனா அது அறுந்தா ஏர்பேக் லைட் எரியணுமே, ஏன் எரியல?” என்றார்.

கிளாக் ஸ்பிரிங் என்பது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் ரிப்பன் கேபிள். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப அதுவும் சுருண்டு விரியும். ஹாரன், பட்டன், டிரைவர் ஏர்பேக் மூன்றுக்கும் கரண்ட் அது வழியாகத்தான் போகிறது.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பச் சொன்னார். ஆயில், பேட்டரி, செக் இன்ஜின், ஏபிஎஸ் எல்லாம் எரிந்தன. ஏர்பேக் லைட் மட்டும் எரியவே இல்லை. மூன்று மாதமாக தினமும் அந்தச் சாவியைத் திருப்புகிறேன், ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லை.

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் மூடியை எடுத்தார். என் கையில் கொடுத்து, “எடையைப் பாருங்க” என்றார். டிபன் பாக்ஸ் மூடி மாதிரி இருந்தது. உள்ளே ஏர்பேக்கே இல்லை. எழுத்து மட்டும் பொறித்த டூப்ளிகேட் மூடி. அப்புறம் மீட்டர் போர்டைக் கழற்றினார். ஏர்பேக் சின்னத்துக்குப் பின்னால் நகம் அளவுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப். அதை உரித்து, எல்லாவற்றையும் மாட்டி சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைட் எரிந்தது. எரிந்தது அணையவே இல்லை.

வண்டி முன்பே பலமாக மோதி, இரண்டு ஏர்பேக்கும் வெடித்திருக்கிறது. சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரிடென்ஷனரும் போய்விட்டது. எல்லாவற்றையும் மாற்ற 1,20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்கிறது சர்வீஸ் சென்டர். இந்த வண்டியில்தான் நான்கு தடவை குடும்பத்தோடு மதுரை போய் வந்தோம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஸ்கேனர் ஏன் காட்டவில்லை? விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏர்பேக், ஏபிஎஸ் பார்க்க அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் வேண்டும். அதையும் ஏமாற்ற, ஏர்பேக் இருந்த இடத்தில், அது இன்னும் இருப்பதுபோல் வண்டியின் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் கோடுகளையும் விற்பதற்கு முன்னால் அழித்துவிட முடியும். அழித்து அதிக நாள் ஆகவில்லை என்றால் ஆப்பில் ‘ரெடினெஸ்’ என்ற பகுதியில் வண்டி தானாகவே செய்துகொள்ளும் பல சோதனைகள் முடியாமல் நிற்கும். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும் பல வண்டிகளில் தெரியும்.

வண்டி பார்க்கும்போது சாவியை ஆன் செய்துவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். ஏர்பேக் லைட் எரிய வேண்டும், பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே தானாக அணைய வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போதுதான் ஆயில் லைட்டோடு சேர்ந்து அணைகிறது என்றால் அந்த ஒயரோடு இணைத்து வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் நீங்களே ஸ்டீயரிங்கைக் கழற்றாதீர்கள். ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டர் வைக்க யாரையும் விடாதீர்கள், உள்ளே உண்மையான ஏர்பேக் இருந்தால் முகத்தில் வெடித்துவிடக்கூடும். சேஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டையும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

விற்றவரிடம் போனேன். “வண்டி கை மாறினதுக்கப்புறம் நாங்க பொறுப்பில்ல சார்” என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. எலக்ட்ரீஷியன் அண்ணன் எழுதிக் கொடுத்த பில், கழற்றும்போது எடுத்த போட்டோக்கள், அந்த டூப்ளிகேட் மூடி, கறுப்பு டேப் துண்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.