ஆர்.ஜி.யா, ஈ.ஜி.யா? ஒரே கன்டம், இரண்டு கிட்

என் மேசை மேல் 12.5 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு கன்டங்கள் நிற்கின்றன. பிளாஸ்டிக் பாகங்களை நாமே சேர்த்துக் கட்டும் பொம்மை கிட்கள் இவை. இரண்டும் ஆர்எக்ஸ்-78-2தான். 1979-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்த அந்த வெள்ளை, நீல, சிவப்பு ரோபோ. கதைப்படி அதன் உயரம் 18 மீட்டர். 144-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் கைக்குள் அடங்கிவிடும். ஒன்று 2010-ல் வந்த ரியல் கிரேடு வகை, அதாவது ஆர்.ஜி. மற்றது 2020-ல் வந்த என்ட்ரி கிரேடு வகை, அதாவது ஈ.ஜி. ஆர்.ஜி. ஒன்றின் விலைக்கு ஈ.ஜி. மூன்று வாங்கலாம்.

தம்பி மகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, எனக்கு எது சரியா வரும்?" என்று கேட்டான். யோசிக்காமல் ஈ.ஜி.யைக் காட்டினேன். அவனுக்குப் பத்து வயது என்பதால் மட்டும் அல்ல. இன்று எனக்கே ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் அதைத்தான் வாங்குவேன்.

எல்லோரும் சொல்லும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நுணுக்கத்தில் ஆர்.ஜி. எங்கோ இருக்கிறது. வெள்ளைக் கவசத்திலேயே இரண்டு மூன்று சாயல்கள், எறும்பளவு எச்சரிக்கை எழுத்துகள், முழங்காலை மடக்கும்போது கூடவே நகரும் தகடுகள். அதைக் கட்ட எனக்கு மூன்று இரவுகள் ஆயின. ஈ.ஜி.யில் ஸ்டிக்கரே கிடையாது. கண்ணின் மஞ்சள்கூட பிளாஸ்டிக்கின் நிறம்தான். நிப்பர் என்ற வெட்டுக்கருவி இல்லாமல் கையாலேயே பாகங்களைப் பிரித்தெடுக்கலாம். ஒரு மாலையில் முடிந்துவிடும். 1980 ஜூலையில் 300 யெனுக்கு வந்த முதல் கிட்டைப் பசை போட்டு ஒட்டி, வண்ணமும் அடிக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இந்த இரண்டுமே பெரிய வளர்ச்சி.

என் தீர்ப்பு இவை எதிலும் இல்லை. மூட்டில் இருக்கிறது.

ஒரு கிட்டைக் கட்டி முடித்ததும் நான் வைக்கும் சோதனை எளிமையானது. வலது கையில் ரைபிளைக் கொடுத்து, தோள் மட்டத்துக்கு நேராக நீட்டி, அலமாரியில் வைத்துவிடுவேன். கை முழுதாக நீண்டிருப்பதால் ரைபிளின் எடை தோள்மூட்டில் நெம்புகோல்போல் அழுத்தும். முதல் நாள் எந்தக் கிட்டும் நிற்கும். மாதக்கணக்கில் எடுத்து, மடக்கி, மறுபடி நீட்டிய பிறகும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆர்.ஜி.யின் எலும்புக்கூடு, அதாவது கவசத்துக்கு உள்ளே இருக்கும் சட்டம், செய்யப்படும் விதம் பிரமிப்பானது. அச்சில் ஒரு பிளாஸ்டிக்கை வார்த்து, அது இறுகியதும் அதோடு ஒட்டாத வேறொரு பிளாஸ்டிக்கை அதைச் சுற்றி வார்க்கிறார்கள். இரண்டும் ஒட்டாததால் நடுவே ஒரு மூட்டு பிறக்கிறது. பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டமான ரன்னரிலிருந்து ஒரு காலை வெட்டி எடுக்கிறோம். எதையும் சேர்ப்பதற்கு முன்பே அது மடங்குகிறது! முதல்முறை அதைக் கையில் மடக்கிப் பார்த்த நொடியை நான் மறக்கவே மாட்டேன். வளைவிலும் இதற்குத்தான் வெற்றி. பாதங்களைத் தரையில் பதித்து, ஒரு காலை மடக்கி, தலைக்கு மேலே சுடும் போஸில் வைத்தால் தொடரின் கடைசி அத்தியாயக் காட்சி அப்படியே கண்முன் வரும்.

ஆனால் அந்த அற்புதத்துக்கு ஒரு விலை உண்டு. அங்கே மூட்டைப் பிடித்து நிறுத்துவது இரண்டு பிளாஸ்டிக்குகளுக்கு இடையிலான உராய்வு மட்டுமே. ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அது மயிரிழை தேய்கிறது. நான் ஏறத்தாழ தினமும் போஸ் மாற்றுகிறவன். இரண்டாம் வருடத்தில் இடுப்பும் முழங்கையும் தளர ஆரம்பித்தன. நீட்டிய ரைபிள் காலையில் பார்த்தால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்து சரிசெய்யவும் வழியில்லை, ஏனென்றால் அந்த மூட்டு பிரிக்கும்படி வார்க்கப்படவே இல்லை. வற்புறுத்தினால் உடையும்.

ஈ.ஜி.யில் மூட்டுகளை நாமே பாகம் பாகமாகச் சேர்க்கிறோம். பழைய கிட்களில் பாலிகேப் என்று ரப்பர்போல் மிருதுவான கிண்ணங்கள் மூட்டுக்குள் இருக்கும். இங்கே அவை இல்லை, கே.பி.எஸ். என்ற தேய்மானம் தாங்கும் பாலிஸ்டைரீனே நேராக உரசுகிறது. முக்கியமான விஷயம், இழுத்தால் மூட்டு கழன்று வரும். தளர்ந்துவிட்டால் அச்சின்மேல் நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுபடி செருகினால் போதும். பிடி திரும்பிவிடும். சிலர் நெயில் பாலிஷ் பூசச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். சூப்பர் குளூவும் வேலை செய்யும், ஆனால் முழுதாகக் காய்வதற்குள் செருகினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை என் ஈ.ஜி.யின் இடது தோளுக்கு மட்டும் ஒருமுறை வார்னிஷ் தேவைப்பட்டது. ரைபிள் கை நீட்டியபடியே நிற்கிறது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்.ஜி. என்னிடம் நான்கு வருடமாக இருக்கிறது, ஈ.ஜி. ஒன்றரை வருடம்தான். நான்காவது வருடத்தில் அதன் மூட்டு எப்படியிருக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. 2024-ல் வந்த புதிய ஆர்.ஜி.யை நான் கட்டியதில்லை, ஆகவே நான் சொன்ன எதையும் அதன்மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

கட்டியபின் தொடவே மாட்டேன், கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பார்ப்பேன் என்பவருக்கு ஆர்.ஜி.தான். அந்த அழகுக்கு ஈ.ஜி. பக்கத்தில் வராது. அப்படி வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கவசத்தில் உள்ள பள்ளக் கோடுகளான பேனல் கோடுகளுக்கு எனாமல் மை ஊற்றும்போது எலும்புக்கூட்டில் படவிடாதீர்கள், அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், எனாமல் தின்னர் ஊறினால் விரிசல் விடும். கவசத்தைத் தனியாகக் கழற்றி, கோடு போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

தம்பி மகன் ஈ.ஜி.யை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டான். அதிலிருந்து தினமும் அதற்கு ஒரு புதுச் சண்டை. அடுத்த பிறந்தநாளுக்கு ஆர்.ஜி.தான் கேட்பான். அப்போது 144-ல் ஒரு பங்கு அளவுக்கான ஆக்‌ஷன் பேஸ் 2 தாங்கியையும் சேர்த்தே வாங்கித் தருவேன். இடுப்பைக் கீழிருந்து பிடித்துக்கொண்டால் கால் மூட்டுகள் உடம்பின் எடையைச் சுமக்க வேண்டியிருக்காது.