மழையில் நனைந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனரும்: எட்டு மாத அனுபவம்

மொபைல், ஆப், புளூடூத் எதுவும் தேவைப்படாத, வயர் வைத்த சாதாரண ஓபிடி2 ஸ்கேனர் (காரின் இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கிற கருவி) இது. நான்கு பட்டன், சின்ன கலர் திரை, காருக்குள் செருக ஒரு கேபிள், அவ்வளவுதான். வாங்கி எட்டு மாதம் ஆகிறது, அதில் முதல் ஏழு மாதம் டேஷ்போர்டு பெட்டிக்குள் சும்மாதான் கிடந்தது. அப்புறம் ஒரு பெருமழை வந்தது. அதன் அருமை தெரிந்ததும் அந்த மழையில்தான், அது ஆளை எங்கே திசை திருப்பிவிடும் என்று தெரிந்ததும் அதே மழையில்தான். அதனால் அந்த ஒரு கோளாறை வைத்தே எழுதுகிறேன்.

கார் 20 வயது தாண்டியது. இரண்டு சீட், நான்கு சிலிண்டர், இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். பிளக்குக்கு ஒரு காயில் (பொறிக்கான உயர் வோல்ட்டைக் கொடுக்கிற பாகம்) என்று கிடையாது. மொத்தமே இரண்டு காயில், ஒன்று 1-க்கும் 4-க்கும் சேர்த்துப் பொறி கொடுக்கும், மற்றது 2-க்கும் 3-க்கும். காயிலிலிருந்து பிளக் வரைக்கும் பழைய பாணியில் தடிமனான பிளக் வயர். இந்த ஜோடிக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது, கார் திறந்தவெளியில் நின்றது. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் ஐடிலிங்கில் நொண்டியது. சீட்டில் உட்கார்ந்தால் முதுகிலேயே தெரிகிற உதறல், சைலன்சரில் ஒரு தாளம் விட்டு விட்டுத் தடுமாறுகிற சத்தம், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை. சூடானால் சரியாகிவிடும் என்று இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டேன். செக் இன்ஜின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், எரியாத பெட்ரோல் அப்படியே புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிப் பாழாக்குகிற அளவுக்கு மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிய வேண்டியது எரியாமல் தவறுவது) இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் 'மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்' என்று நினைக்காதீர்கள். உடனே அணைத்தேன்.

பழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "காயில் போயிருக்கும் தம்பி, ரெண்டையும் மாத்திடலாம், வண்டிய கொண்டு வா" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் போனில் சத்தத்தைக் கேட்டு வேறு என்ன சொல்ல முடியும்? இந்த மாதிரி ஈரத்தால் வருகிற கோளாறில் பெரிய சிக்கல் என்னவென்றால், வண்டி பட்டறைக்குப் போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், அங்கே போனால் தேன் மாதிரி ஓடும், அவர்கள் கையை விரிப்பார்கள், அடுத்த மழையில் திரும்பவும் அதே கதை. அதனால் கோளாறு இருக்கிற நேரத்திலேயே எதையாவது பதிந்து வைத்துக்கொள்வதுதான் முக்கியம். இந்த ஸ்கேனருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 முனை சாக்கெட்டில் செருகியதும் காரின் பேட்டரியிலிருந்தே உயிர் வந்துவிடுகிறது, தனியாக சார்ஜ் போடுகிற தொல்லை இல்லை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பேச ஆரம்பிக்கும். கோடு (கோளாறுக் குறியீடு) வந்தது: பி0304. நான்காவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். கீழே 'சாத்தியமான காரணம்' என்று திரை தானாகவே ஒன்று சொன்னது: இக்னிஷன் காயில். மெக்கானிக் சொன்னதும் அதுதானே, ஆர்டர் போட்டுவிடலாம் என்று கை பரபரத்தது. அந்த ஜோடிக் கணக்கு நினைவுக்கு வந்ததால்தான் நின்றேன். காயில் செத்திருந்தால் 1-ம் 4-ம் சேர்ந்தே அடங்கியிருக்கும், பி0301-ம் கூடவே வந்திருக்கும். 4 மட்டும் தனியாக அழுகிறது என்றால் காயிலைத் தாண்டி, அந்த ஒரு சிலிண்டருக்கே சொந்தமான ஏதோ ஒன்றில்தான் கோளாறு: வயர், பிளக், இன்ஜெக்டர், அல்லது கம்ப்ரஷன். எந்த சிலிண்டர் என்று ஸ்கேனர் சரியாகச் சொன்னது. ஏன் என்று சொன்னதுதான் தப்பு. அந்தக் 'காரணம்' வரியை இதன் தயாரிப்பாளர் எடுத்துவிட்டால் இது இன்னும் நல்ல கருவியாகிவிடும் என்று மனதாரச் சொல்கிறேன். உங்கள் காரில் எத்தனை காயில், எப்படி வயரிங் என்பது அந்தக் குட்டித் திரைக்குத் தெரியாது.

அடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியு ஒரு போட்டோ மாதிரி எடுத்து வைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது: கூலன்ட் 48 டிகிரி, 1,120 ஆர்பிஎம், வேகம் 0, ஷார்ட் டேர்ம் ஃபியூல் டிரிம் (பெட்ரோல் அளவில் இசியு உடனுக்குடன் செய்கிற திருத்தம்) ப்ளஸ் 17 சதவீதம். அந்த ப்ளஸ் 17-ஐப் பார்த்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன். ப்ளஸ் என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று நினைத்து இசியு கூடுதலாக ஊற்றுகிறது என்று பொருள், சரி, அப்படியானால் எங்கோ காற்று கசிகிறது என்று வாக்குவம் ஹோஸ் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் விரிசல் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத காற்று, அதன் ஆக்சிஜன் முழுவதோடும் அப்படியே வெளியே போகிறது. ஆக்சிஜன் சென்சார் எண்ணுவது ஆக்சிஜனை மட்டும்தான், கூடவே போகிற எரியாத பெட்ரோலை அது கணக்கில் எடுக்காது. 'காற்று ரொம்ப அதிகம்' என்று அது சொல்ல, இசியு அதை நம்பிப் பெட்ரோலை ஏற்றுகிறது. ஆக, டிரிம் ஏறியது மிஸ்ஸிங்கால்தானே தவிர, டிரிம் ஏறியதால் மிஸ்ஸிங் வரவில்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பேர் தேவையில்லாமல் ஃபியூல் பம்ப் மாற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

போனட்டைத் திறந்து 4-ஆவது பிளக் வயரை, வயரைப் பிடிக்காமல் அதன் நுனியில் பிளக்கை மூடுகிற ரப்பர் உறையான பூட்டைப் பிடித்து, லேசாகத் திருகி மேலே இழுத்தேன். களுக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்தால் பிளக் குழிக்குள் துரு கலந்த தண்ணீர், இரண்டு ஸ்பூன் இருக்கும், பிளக்கின் அறுகோணத் தலை அதில் மூழ்கிக் கிடந்தது. இந்த நிலையில் அவசரப்பட்டுப் பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீரும் துருத்தூளும் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும், எனவே முதலில் துணியால் உறிஞ்சி, காற்றடித்துக் குழியைக் காயவைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைப் போடவேண்டும். பிளக் வெளியே வந்ததும் அதன் வெள்ளைப் பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய சாம்பல் கோடு ஒன்று. பூட்டின் உள்பக்க ரப்பரிலும் அதே இடத்தில் அதே கோடு. பொறி பிளக் முனைக்குப் போகாமல், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறமாகவே எர்த் ஆகிக்கொண்டிருந்த தடம் அது. ஒருமுறை அந்தக் கரித்தடம் விழுந்துவிட்டால் துடைத்துக் காயவைப்பதெல்லாம் தற்காலிகம்தான்.

இன்னொன்று, அந்த வயரை மல்ட்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், மற்ற மூன்றுக்கும் பக்கத்தில்தான் ரெசிஸ்டன்ஸ் காட்டியது. மீட்டர் அளப்பது உள்ளே இருக்கிற கடத்தியை, அது நன்றாகத்தான் இருக்கிறது. போனது மேலே இருக்கிற இன்சுலேஷன். மீட்டரின் சில வோல்ட்டுக்கு அது தாங்கும், 20,000 வோல்ட்டுக்கு மேல் வருகிறபோது தாங்காது. 'வயரை டெஸ்ட் பண்ணிட்டேன், நல்லா இருக்கு' என்று யாராவது சொன்னால் எப்படி டெஸ்ட் செய்தார்கள் என்று கேளுங்கள்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, காயவைத்த அதே பழைய வயரையும் பிளக்கையும் திரும்பப் போட்டு, இருட்டிய பிறகு ஸ்டார்ட் செய்தேன். ஐடிலிங் சுத்தமாக இருந்தது. கேபிளை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து ஸ்கேனரில் லைவ் டேட்டா ஓடவிட்டேன்: டிரிம் ப்ளஸ் 2, ப்ளஸ் 3 என்று அமைதியாக இருந்தது. தாவரங்களுக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து 4-ஆவது பூட்டைச் சுற்றி மட்டும் பனிபோல ஒரு தெளிப்பு. இரண்டு நொடியில் பூட்டின் விளிம்பிலிருந்து வால்வு கவருக்கு நீல நிறத்தில் ஒரு பொறி தாவியது, டிக் டிக் என்று சத்தம், இன்ஜின் அதே காலை நேர நொண்டல், திரையில் டிரிம் ப்ளஸ் 5, 9, 13 என்று படியேறியது. காரணமும் விளைவும் ஒரே நேரத்தில் கண்முன்னால். இந்த ஒரு காட்சிக்காகவே இந்த ஸ்கேனரைக் கொண்டாடுவேன். (செய்கிறவர்கள் கவனம்: கை, உடை, பாட்டில் எதுவும் வயர் பக்கத்தில் போகக்கூடாது, ஆல்டர்னேட்டர், இசியு பக்கம் தெளிக்கக்கூடாது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனையில் இறங்கவே வேண்டாம்.)

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிட்டேன். வைப்பருக்குக் கீழே மழைநீர் வடிகிற பள்ளத்தில் காய்ந்த இலை அடைத்து, நீர் நிரம்பி, இன்ஜினின் பின்பக்கமாக வழிந்திருக்கிறது. ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கிற தடுப்பை) ஒட்டி இருப்பது 4-ஆவது சிலிண்டர். இலையை அள்ளி, புது வயர் செட், நான்கு புதுப் பிளக், பூட்டுக்குள் மெல்லியதாக, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ். காயில் இரண்டும் பழையதேதான், இன்றைக்கும் ஓடுகிறது.

குறைகளைச் சொல்லவேண்டும். முதல் குறை வேகம். என் காரில் இருப்பது ஐஎஸ்ஓ 9141-2 என்கிற பழைய தகவல் முறை, நொடிக்குச் சுமார் 10,400 பிட்தான், புதிய கார்களின் கேன் முறை 5,00,000 வரை போகும். எட்டு அளவுகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் திரை ஆமை மாதிரி நகரும். இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. இது முழுக்க ஸ்கேனரின் தப்பு இல்லை, ஆனால் அட்டைப்பெட்டியில் எங்காவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். சிலிண்டர்வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் என் காரில் காட்டவில்லை. பகல் வெளிச்சத்தில் திரை மங்கல், கையால் மறைத்துத்தான் படிக்கவேண்டும். கேபிள் இன்னும் அரை மீட்டர் நீளமாக இருந்திருந்தால் போனட் பக்கம் நின்று நிம்மதியாகப் பார்க்கலாம்.

'அழி' பட்டன் 'படி' பட்டனுக்குப் பக்கத்திலேயே இருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கோளாறுக் குறியீட்டை அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும், ரெடினெஸ் மானிட்டர்களும் (கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுபவை) பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். முதலில் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுங்கள், அழிப்பதெல்லாம் வேலை முடிந்த பிறகு.

வாங்கும் முன் உங்கள் கார் ஓபிடி2 பேசுமா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும்தான் அது கட்டாயம். அதற்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இது வேண்டாம், அதில் விளக்கு மினுக்குவதை எண்ணிக் குறியீட்டைப் படிக்கிற முறை இருக்கலாம். ஆப்போடு வருகிற மலிவான புளூடூத் டாங்கிள்களிலும் சில, பழைய தகவல் முறைகளில் திணறும். அதேபோல, தண்ணீரில் மூழ்கிய காருக்கோ, ஆழமான தேக்கத்தில் ஓடி நின்றுபோன காருக்கோ எந்த ஸ்கேனரும் முதல் வேலை இல்லை. சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் செய்யும்முன் 4-ஆவது குழியை டார்ச் அடித்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஸ்கேனரைச் செருகினேன். டிரிம் ப்ளஸ் 2, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறுக் குறியீடு) பக்கம் காலி.