மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளரின் டி செல்கள்: எது யாருக்கு?

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். ஆனால் வைரஸை அடக்கி வைக்கும் டி செல்கள் தேற ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அவை பக்குவப்படும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுவது ஒரு காரணம். இந்த இடைவெளியில்தான் சைட்டோமெகலோ, அடினோ, எப்ஸ்டைன்-பார் வைரஸ்கள் தலைதூக்கும்.

இந்தக் குறையை ஈடுகட்ட மஜ்ஜை தந்தவரின் டி செல்களை ஏற்றலாம். பழைய வழி, அவை அடங்கிய வெள்ளையணுக்களான லிம்போசைட்டுகளை அப்படியே ஏற்றுவது. 1990-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் மருத்துவர் கோல்பின் குழு, மாற்றுக்குப் பின் திரும்பி வந்த நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றை இன்டர்ஃபெரான் மருந்தோடு சேர்த்து இப்படி அடக்கிக் காட்டியது. செல் வளர்க்கும் கூடம் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் வைரஸைத் தாக்கும் செல்லோடு நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்கும் செல்லும் சேர்ந்தே உள்ளே போகிறது.

அதற்குத்தான் செல்லுக்குள் ஒரு தற்கொலை மரபணுவை வைத்தார்கள்: செல்கள் உடலைத் தாக்கினால், ஒரு மருந்து கொடுத்து அவற்றை அழித்துவிடலாம். ஹெர்ப்பஸ் வைரஸ் மரபணு வைத்த செல்கள் 2016-ல் ஐரோப்பாவில் நிபந்தனை அனுமதி பெற்று, 2019-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றை அழிக்கும் மருந்து கேன்சிக்ளோவிர்; சைட்டோமெகலோ வந்தாலும் தர வேண்டியது அதே கேன்சிக்ளோவிர்தான், அப்போது ஏற்றிய செல்லும் செத்துவிடும்! கேஸ்பேஸ்-9 என்ற இன்னொரு தற்கொலை மரபணு வேறு மருந்தால் இயங்குவதால் இந்தச் சிக்கலைத் தவிர்த்தது. 2011-ல் வெளியான ஆய்வில், ஒரே டோஸ் மருந்து 30 நிமிடத்தில் அந்த செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழித்தது. அழகான வேலை. ஆனாலும் அது ஆராய்ச்சிக் கட்டத்தைத் தாண்டவில்லை.

வைரஸ்தான் பிரச்சினை என்றால், அந்த வைரஸை மட்டும் அடையாளம் காணும் செல்களே என் தேர்வு. மஜ்ஜை தந்த அதே கொடையாளரிடமிருந்து எடுத்தால் நீண்ட நாள் நிலைக்கும். வளர்த்தெடுக்க வாரங்கள் ஆகலாம், கொடையாளருக்கு அந்த வைரஸ் முன்பே வந்திருக்கவும் வேண்டும். வேறொருவரின் செல்லை உறைய வைத்த வங்கியிலிருந்து, ஹெச்எல்ஏ (செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்) ஓரளவு பொருந்தினாலே சில நாளில் தரலாம், நிலைப்பது குறைவு. எப்ஸ்டைன்-பார் வைரஸால் வரும் லிம்போமாவுக்கு டாபெலெக்லூசெல் என்ற இந்த வகை சிகிச்சையை 2022 டிசம்பரில் ஐரோப்பா அனுமதித்தது. நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கும்போது வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. அங்கே வங்கி செல்தான் சரி. புற்றே திரும்பினால் பழைய வழியைத்தான் யோசிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், நோயாளி எடுக்கும் ஸ்டீராய்டின் (எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) அளவை முதலில் கேளுங்கள். அதிக டோஸில் இருப்பவருக்கு ஏற்றும் செல்லை அந்த மருந்தே முடக்கிவிடும்.