வேகநடையா, எடைப் பயிற்சியா? சர்க்கரையை வைத்து ஓர் அலசல்

இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால், என் ஓட்டு எடைப் பயிற்சிக்கு. நான் செய்து வருவதும் அதுதான். இதயம், தூக்கம், மனநிலை எல்லாம் இரண்டாலும் மேம்படும், அதை விட்டுவிடுவோம்.

தசை சுருங்கி விரியும்போது, குளுட்-4 என்ற புரதம் செல்லுக்குள்ளிருந்து அதன் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே கொண்டுபோகிறது. இன்சுலினும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் வேறு பாதையில். அதனால் இன்சுலினுக்குச் சரியாக மசியாத தசைகூட உழைப்புக்கு மசியும். இந்த இடத்தில் நடைதான் வசதி. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடந்தாலே சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். வயிறு நிறைந்திருக்கும்போது எடை தூக்க முடியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அதற்கப்புறம் நடப்பது. உழைத்த தசை தன் கிளைகோஜன் (தசை சேமித்து வைக்கும் சர்க்கரை) இருப்பை நிரப்பிக்கொள்ளப் பார்க்கும்; ஓரிரு நாள் வரை குறைந்த இன்சுலினுக்கே நன்றாக இசையும். ஆனால் எந்தத் தசை உழைத்ததோ, அதற்கு மட்டும்தான் இந்தப் பலன். ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஓய்விலிருந்த மறு காலில் இந்த மாற்றம் வரவில்லை. நடை பெரும்பாலும் கால்களோடு நின்றுவிடுகிறது. முறையான எடைப் பயிற்சியில் தொடை, முதுகு, மார்பு, தோள், கை எல்லாமே பங்கெடுக்கின்றன. இன்சுலின் தூண்டுதலில் உடல் எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் பெரும்பகுதி தசைக்குத்தான் போகிறது என்பதால், இத்தனை தசைகள் சேர்வது சின்ன விஷயமல்ல.

பராமரிப்பிலும் எனக்கு இதுவே தோதாக இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால், முந்தைய பலன் வடிவதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிடும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் கூடுதல் இன்சுலின் இசைவு இரண்டு வகையிலும் மங்கும்; ஆனால் எடை தூக்கி வளர்த்த தசை ஒரு வாரத்தில் கரைந்துவிடாது.

கடுமையாகத் தூக்கும்போது அட்ரினலின் கூடி, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடும். அளவு தற்காலிகமாக ஏறலாம், பயப்பட வேண்டாம். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பல மணி நேரம் கழித்தும் தாழ்சர்க்கரை வரலாம். அவர்களும், விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எடையைத் தொட வேண்டும். அதிதீவிர இடைவெளிப் பயிற்சியை (சிறிது நேரம் முழு வேகம், சிறிது ஓய்வு என மாறி மாறிச் செய்வது) நான் தொடர்ந்து செய்ததில்லை, அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நேரம் இருப்பவர்கள் இரண்டையும் செய்யுங்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தி 2007-ல் வெளியான டேர் ஆய்வில், டிரெட்மில் அல்லது சைக்கிள் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும் தனித்தனியாகச் செய்ததைவிட இரண்டும் சேர்ந்தபோதுதான் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) அதிகமாக இறங்கியது.