டிராக் டேவுக்காகக் கேரேஜில் வண்டி கொடுக்கிறவர்கள் கவனம்: 38,500 ரூபாய் போச்சு, உயிர் தப்பியது

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் டிராக் டேவுக்கு எப்படித் தயாராவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் கார் கிளப் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை ஒரு நாளுக்கு எடுத்திருந்தது. பந்தயம் இல்லை, ரோட்டில் ஓட்டுகிற வண்டியையே கொண்டுபோய் ஓட்டிப் பழகுவதுதான். என்னுடையது எட்டு வருடப் பழைய ஸ்விஃப்ட். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எஞ்சினில் கை வைக்காதே, பிரேக்கைப் பார்.

அதற்காகவே சென்னையில் ஒரு பெர்ஃபாமன்ஸ் கேரேஜுக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை. முன்பக்கம் புது டிஸ்க், அந்த டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற, டிராக்குக்கான பேட், டாட் 4 ஃப்ளூயிட் (பெடல் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் திரவம்) முழுசாக மாற்றுவது, லேபர், எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தேன்.

ஏன் நம்பினேன்? அந்தக் கேரேஜ்காரர் சீல் உடைக்காத ஃப்ளூயிட் பாட்டிலையும் பேட் பெட்டியையும் என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "வீட்ல குழந்தைங்க இருக்கா தம்பி? பிரேக் விஷயத்துல நான் யாருக்கும் காம்ப்ரமைஸ் பண்ண மாட்டேன்" என்றார். என் மகளைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார். "ரெண்டு மணி நேரம் ஆகும், சாப்பிட்டுட்டு வாங்க." போனேன். திரும்பி வந்தபோது வண்டி லிஃப்டிலிருந்து இறங்கித் துடைத்து நின்றது. அந்த ரெண்டு மணி நேரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

டிராக்கில் நாலாவது சுற்று. மெயின் ஸ்ட்ரெய்ட் முடிகிற இடம், 140-க்கு மேல். பிரேக்கை மிதித்தேன், பெடல் அப்படியே தரை வரை இறங்கியது. மறுபடி மறுபடி மிதித்து, கியரைக் குறைத்து, ஓரத்து மண்ணில் ஏறித்தான் வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிட்டில், அதாவது டிராக் ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்க்கிற இடத்தில், கிளப் அண்ணன் ஒருவர் வீலைக் கழற்றினார். பழைய ஃப்ளூயிடைத் திறந்து வெளியே விடுகிற பிளீடர் நிப்பிள் மேல் பழைய சேறு காய்ந்து அப்படியே இருந்தது. யாரும் திறந்ததே இல்லை. ஃப்ளூயிட் டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தது. புதியது வெளிர்மஞ்சளாக இருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, பெடலில் அழுத்தம் இருக்காது. பேடும் பழையதுதான், உப்புத்தாளில் தேய்த்துக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். டிஸ்க்கை லேத்தில் கடைந்து மாட்டியிருக்கிறார்கள். ஆக, 38,500 ரூபாய்க்குக் கிடைத்தது ஒரு டப்பா பெயின்ட்.

அன்று மாலையே கேரேஜ்காரருக்குப் போன் செய்தேன். "டிராக்னா பிரேக் அப்படித்தான் தம்பி போகும், நீங்க புதுசு." போட்டோ அனுப்பினேன்; பார்த்துவிட்டுப் பதில் இல்லை. திங்கள் நேரில் போனால் "அண்ணன் ஊர்ல இல்ல" என்கிறான் பையன். உள்ளே அவருடைய குரல் கேட்கிறது! செவ்வாய், "டிராக்குக்குப் போன வண்டிக்கு வாரன்டி கிடையாது" என்று ஒரு மெசேஜ். டிராக்குக்குத்தானே ஐயா வேலை செய்யச் சொன்னேன்? பில் என்று கொடுத்தது வெறும் துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர்கூட இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில: பிரேக் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், சாப்பாடு அப்புறம். கழற்றிய பழைய பேட், டிஸ்க், காலி பாட்டில் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். டிராக்கில் இறங்குமுன் வீல் நட்டை டார்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் ஸ்பேனர்) நீங்களே சரிபாருங்கள். பெடல் கொஞ்சம் மெத்தென்று ஆனாலும் உடனே பிட்டுக்குள் வந்துவிடுங்கள். இன்ஷூரன்ஸை நம்பி இறங்காதீர்கள், சாதாரண கார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது.

நாளை மறுபடி அந்தக் கேரேஜுக்குப் போகிறேன், கழற்றிய பேடோடு. 38,500 ரூபாய் வந்தால் இங்கே எழுதுகிறேன்.