வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்: ஒரு விலங்குக் காப்பகத்தின் தற்காலிக வளர்ப்புத் திட்டம் பற்றி

சென்னையின் தென்புறநகரில் இயங்கும் ஒரு விலங்குக் காப்பகம், தன்னிடம் வந்து சேரும் குட்டிகளையும் சிகிச்சைக்குப் பின் தேறிவரும் நாய்களையும் தத்துக் கொடுக்கும் வரை தன்னார்வலர்களின் வீடுகளில் வைத்து வளர்க்கிறது. இதை எல்லோரும் ஃபாஸ்டர் என்றே சொல்கிறார்கள். கடந்த ஓராண்டில் இந்தத் திட்டத்தின் கீழ் முதலில் நான்கு நாட்டு நாய்க்குட்டிகளும், பிறகு வண்டி மோதிக் கால் முறிந்த ஒரு பெண் நாயும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். நான் சொல்லப்போகும் குறைகளால் அங்கு உழைப்பவர்களுக்கு வரும் நன்கொடை குறைந்துவிடக் கூடாது என்பதால் காப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சேர்வது எளிது. ஒரு படிவம், வீட்டின் பால்கனியையும் வாசல் கதவையும் காட்டும் காணொளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி, அவ்வளவுதான். தீவனம், குடற்புழு மருந்து, தடுப்பூசி, படுக்கைத் துணி ஆகியவற்றை அவர்களே தருகிறார்கள். அவர்களுடைய மருத்துவரிடம் போனால் கட்டணமும் இல்லை. பயிற்சி கொடுத்த பெண்மணி, பசும்பால் ஏன் குட்டிகளின் வயிற்றைக் கெடுக்கிறது என்பதையும், பால் புகட்டும்போது குட்டியை மல்லாக்கப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதையும் பொறுமையாகச் செய்து காட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவருக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

தெருநாய்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் குட்டி போடுகின்றன. சென்னையில் அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது. கார்த்திகை, மார்கழியில் காப்பகங்கள் நிரம்பி வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். தடுப்பூசி போடாத குட்டிகளை நோயுற்ற நாய்களுக்கு அருகில் வைத்திருப்பது ஆபத்து என்பதால்தான் வீடுகளைத் தேடுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்குட்டி ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் எதையெல்லாம் பார்த்து, கேட்டுப் பழகுகிறதோ, அவற்றுக்குப் பிற்காலத்தில் அது பெரும்பாலும் அஞ்சுவதில்லை. ஐந்து வார வயதில் வந்த எங்கள் குட்டிகள், முதல் நாள் மிக்ஸி ஓடியதும் நால்வருமாக அலமாரிக்கு அடியில் புகுந்து, ஒன்றன் மேல் ஒன்றாக நடுங்கிக்கொண்டிருந்தன. என் மாமியார் மறுநாளிலிருந்து சட்னி அரைக்கும் முன் அவற்றின் தட்டில் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு அரைக்கத் தொடங்கினார். பத்து நாளில் மிக்ஸி சத்தம் கேட்டால் சமையலறை வாசலுக்கு ஓடிவரும் அளவுக்குத் தேறிவிட்டன. கூண்டுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. இத்திட்டத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் பத்து நாளைத் தொட்டவை மூன்று குட்டிகள் மட்டுமே. நான்காம் நாள் மாலை, நால்வரில் சிறியது சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. இரவு பதினொரு மணிக்குள் வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் தொடங்கிவிட்டன. காப்பகம் கொடுத்திருந்த எண்ணுக்கு ஏழு முறை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை. இரவில் திறந்திருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குத் துண்டில் சுற்றி எடுத்துச் சென்றோம். நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் என்று சோதனையில் தெரிந்தது. இரண்டு நாள் சொட்டு மருந்து ஏற்றியும் மூன்றாம் நாள் விடியலில் அது இறந்துபோனது. கையில் எடுத்தபோது அதன் எடை ஒரு கிலோ கூட இல்லை.

பார்வோ வருவதை யாராலும் முழுமையாகத் தடுக்க முடியாது என்பதை அறிவேன். என் குறை வேறு. எங்கள் குட்டிகள் முன்பு இருந்த அதே அடைப்பில் அந்த வாரம் வேறு குட்டிகளுக்கு இந்நோய் கண்டிருந்தது என்பதை, எங்களுடையது இறந்த பிறகுதான் சொன்னார்கள். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய வழக்கமாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் வேளை உணவை மறுத்தபோதே, மாலையிலேயே, மருத்துவரிடம் போயிருப்பேன். மருத்துவச் செலவான 4,200 ரூபாயை மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டைச் சுத்தம் செய்வதைப் பற்றியும் அவர்கள் போதிய அளவு சொல்லவில்லை. சாதாரண ஃபினாயிலை நம்பி இந்த வைரஸை விட்டுவிட முடியாது. தரையை முதலில் நன்கு கழுவிவிட்டு, பிறகு நீர்த்த பிளீச்சைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் மண்ணிலும் இடுக்குகளிலும் அது பல மாதம் உயிர்ப்போடு இருக்கக்கூடும். ஆகவே தடுப்பூசி முடியாத குட்டிகளை நெடுநாள் அந்த வீட்டில் வைக்கக் கூடாது. மீதி மூன்று குட்டிகளும் பிழைத்து, தை பிறந்த பின் நல்ல வீடுகளுக்குப் போயின.

படிவத்தில் விடுபட்டிருந்த இன்னொன்று ரேபிஸ். குட்டிகளின் பால்பற்கள் ஊசிபோல் இருக்கும். விளையாட்டில் கூட ரத்தம் வரும். தடுப்பூசி போடாத குட்டி பல் பட்டு ரத்தம் வந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஃபாஸ்டர் எடுக்க முடிவு செய்தவர்கள் கடிபடும் முன்பே போடும் முன்தடுப்பு ஊசியையே போட்டுக்கொள்வது இன்னும் நல்லது; நானும் என் கணவரும் இரண்டாம் முறைக்கு முன் போட்டுக்கொண்டோம்.

அந்த இரண்டாம் முறை வந்தவள், பின்னங்காலில் கம்பி வைத்துத் தைக்கப்பட்ட, எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்ட, இரண்டு வயது மதிக்கத்தக்க தெருநாய். எலும்பு கூடும் வரை ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ விடக் கூடாது என்பதே முழு வேலையும். பிறந்தது முதல் மண்ணையே அறிந்த அவள், வழவழப்பான டைல்ஸ் தரையில் சிறுநீர் கழிக்க மறுத்து ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் அடக்கிக்கொண்டே கிடந்தாள். பால்கனி மூலையில் பழைய தகரத் தட்டில் செம்மண் கொட்டி வைத்ததும், அதை முகர்ந்து, மூன்று காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, உடனே சிறுநீர் கழித்தாள். எந்தப் பயிற்சியிலும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

குடியிருப்பில் ஒருவர் நாயை வெளியேற்றச் சொன்னபோது, காப்பகத்தினர் நேரில் வந்து சங்கச் செயலாளரிடம் பேசினார்கள். பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நகலையும் கையோடு கொண்டுவந்தார்கள். இந்த ஆதரவை நான் எதிர்பார்க்கவில்லை. இம்முறை இரவு எண்ணும் வேலை செய்தது. தையலில் நீர் கசிந்த ஓர் இரவில் தொலைபேசியின் இரண்டாவது மணி ஒலியிலேயே எடுத்தார்கள்.

ஆறு வாரம் முடிந்து அவளைத் தத்தெடுத்த குடும்பத்திடம் ஒப்படைத்த அன்று என் மகள் இரவு சாப்பிடவில்லை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டார் அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும். இத்திட்டத்தில் சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் விலங்கைக் கையில் வாங்கும் முன், அது இருந்த அடைப்பில் கடந்த இரண்டு வாரத்தில் எந்த விலங்குக்காவது நோய் கண்டதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இரவு எண்ணை முந்தின இரவே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அடுத்த மார்கழி வரை எங்கள் வீட்டுக்குக் குட்டிகள் வேண்டாம், தடுப்பூசி முடிந்த பெரிய நாய்களை மட்டும் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். செம்மண் தட்டு இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது.